சாமுராய் வாரியர்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாமுராய் வாரியர்ஸ் என்ற வீடியோ கேம் தொடரை யாருக்காவது சிபாரிசு செய்தால் மறுநாளே சந்தேகங்கள் வரிசை கட்டும். ஆள்தான் மாறுவார், கேள்வி மாறாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருப்பதை விட இங்கே மொத்தமாகப் போட்டுவிடலாம் என்று தோன்றியது. கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே இருக்கின்றன. சுலபமானவை முதலில், வம்பானவை கீழே.

இது என்ன கேம் ப்ரோ? ஒரே ஆளு ஆயிரம் பேரை வெட்டித் தள்ளுறதுதானே?

பார்த்தால் அப்படித்தான் தெரியும். 2004-இல் பிளேஸ்டேஷன் 2-இல் தொடங்கிய தொடர். ஜப்பானில் இதன் பெயர் செங்கோகு முசோ. உருவாக்கியது கோயெய் நிறுவனத்தின் ஒமேகா ஃபோர்ஸ் குழு. ஜப்பானியச் சிற்றரசர்கள் ஒன்றரை நூற்றாண்டு தங்களுக்குள் அடித்துக்கொண்ட செங்கோகு காலம்தான் களம். நீங்கள் ஒரு தளபதியாக இறங்குவீர்கள். ஒரு வீச்சுக்குப் பத்துப் பேர் பறப்பார்கள், மூலையில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கும்.

ஆனால் ஆட்டத்தின் உயிர் அந்த எண்ணில் இல்லை. நீங்கள் தெற்கே வெட்டிக்கொண்டிருக்கும்போதே, வடக்கே உங்கள் கூட்டாளி ஒருவர் சிக்கிக்கொண்டார் என்று திரையில் ஒரு வரி வந்து போகும். கவனிக்காமல் விட்டால் அவர் வீழ்வார். அவருக்குப் பின்னால் இருக்கும் தலைமை முகாம் ஆட்டம் காணும். தலைவர் விழுந்தால் நீங்கள் 1,500 பேரை வெட்டியிருந்தாலும் தோல்விதான். எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும், யார் எப்போது கட்சி மாறுவார் என்று யோசிப்பதுதான் இந்த ஆட்டம். வாள் வீச்சு அதற்குப் போட்ட மேக்கப்.

டைனஸ்டி வாரியர்ஸும் இதுவும் ஒண்ணுதானா?

ஒரே குழு, ஒரே வார்ப்பு, நாடு வேறு. டைனஸ்டி வாரியர்ஸ் சீனாவின் மூன்று பேரரசுகள் காலத்தைச் சொல்வது. சாமுராய் வாரியர்ஸ் அதற்கு 1,300 ஆண்டுகள் பிந்திய ஜப்பானைச் சொல்வது. இரண்டு கூட்டத்தையும் ஒரே உலகத்தில் இழுத்துப்போட்டு 2007-இல் வாரியர்ஸ் ஒரோச்சி என்று தனித்தொடரே எடுத்தார்கள். அதில் வரலாற்றைத் தேடாதீர்கள். பாம்பு அரசன் ஒருவன்தான் வில்லன்.

எனக்கு ஜப்பான் வரலாறு சுத்தமா தெரியாது. புரியுமா?

மூன்று பேரை நினைவில் வைத்தால் போதும். ஓதா நோபுனாகா (1534–1582): சின்னஞ்சிறு நிலப்பகுதியிலிருந்து கிளம்பி, 1560-இல் ஒகெஹஸாமாவில் தன்னைவிடப் பல மடங்கு பெரிய படையுடன் வந்த இமாகாவா யோஷிமோட்டோவை வீழ்த்தியவர். பாதி ஜப்பானைப் பிடித்த நிலையில் சொந்தத் தளபதி அகேச்சி மிட்சுஹிதே கியோட்டோவின் ஹொன்னோஜி கோயிலில் அவரைச் சுற்றிவளைத்து முடித்துவிட்டார். அந்தப் பழியைத் தீர்த்து மீதி நாட்டையும் சேர்த்தவர் தொயோதோமி ஹிதேயோஷி, சாதாரணக் குடும்பத்திலிருந்து வந்தவர். அவர் 1598-இல் இறந்த பிறகு காத்திருந்து வாரிக்கொண்டவர் தொகுகாவா இயேயாசு. 1600-இல் செகிகஹாராவில் வென்று, 1603-இல் ஷோகுன், அதாவது நாட்டின் ராணுவ ஆட்சித் தலைவர் ஆகி, 1615-இல் ஒசாகா கோட்டையை வீழ்த்தினார். அவர் வம்சம் 1868 வரை ஆண்டது.

மீதிப் பெயர்களெல்லாம் இந்த மூவரில் யாருக்கு நண்பன், யாருக்கு எதிரி என்று பார்த்துக்கொண்டே போனால் தானாக ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் எல்லாப் பெயரும் ஒன்றுபோலத்தான் கேட்கும். பெயரை விடுங்கள், கொடியைப் பாருங்கள். சனாதா குடும்பக் கொடியில் ஆறு காசுகள் இருக்கும். இறந்தவர்கள் மறு உலகத்து ஆற்றைக் கடக்கக் கொடுக்கும் கூலி அது. சாவுக்குத் தயாராகத்தான் வந்திருக்கிறோம் என்று கொடியிலேயே எழுதிக்கொண்டு வரும் குடும்பத்தை மறக்க முடியாது.

எந்தப் பார்ட்ல இருந்து ஆரம்பிக்கணும்?

பிசி இருந்தால் 4-டூ. கணக்கு சுலபம்: 4-ஆம் பாகம் (2014) கதையைக் குலம் குலமாகச் சொல்கிறது, ஆட 55 பேர் இருக்கிறார்கள். அதற்கு அடுத்த ஆண்டு வந்த 4-டூ குலத்தை விட்டு ஆட்களை மையமாக வைத்துக் கதை சொல்கிறது. போர் முறை நன்றாக மெருகேறியது இந்தக் கட்டத்தில்தான். 4-ஆம் பாகமும் இப்போது டிஎக்ஸ் என்ற பெயரில் பிசிக்கு வந்துவிட்டது. வரலாற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும் என்பவர்கள் அதிலிருந்து போகலாம்.

கதைதான் முக்கியம் என்றால் ஸ்பிரிட் ஆஃப் சனாதா. சனாதா என்ற ஒரே குடும்பத்தை, அவர்கள் தாகேதா குலத்துக்குப் பணிபுரிந்த நாட்களிலிருந்து 1615 ஒசாகா வரை தலைமுறையாகப் பின்தொடர்வது. என்னைக் கேட்டால் தொடரின் ஆகச்சிறந்த எழுத்து அதில்தான். ஆனால் ஊரைச் சுற்றுவது, மீன் பிடிப்பது என்று கொஞ்சம் இழுக்கும். 5-ஆம் பாகம் (2021) புதியது, மையில் வரைந்தது போன்ற ஓவியத்தோடு அழகாக இருக்கும், முன்கதை எதுவும் தெரிய வேண்டாம். ஆனால் அதற்கு ஒரு குறை இருக்கிறது, அடுத்த கேள்வியே அதுதான்.

5-ஆம் பார்ட்டை வாங்கிட்டேன். யுகிமுரா எங்க? மசாமுனே எங்க? டிஎல்சியா?

டிஎல்சி, அதாவது தனியாக இறக்கிக்கொள்ளும் கூடுதல் பகுதி, இல்லை. பழைய பாகங்களின் அந்த நட்சத்திரங்கள் இதில் கிடையவே கிடையாது. 5-ஆம் பாகம் தொடரைப் புதிதாகத் தொடங்கிய முயற்சி. நோபுனாகா, மிட்சுஹிதே இருவரின் இளமையில் ஆரம்பித்து 1582 ஹொன்னோஜியை ஒட்டி முடித்துவிடுகிறது. சனாதா யுகிமுரா, தாதே மசாமுனே, இஷிதா மிட்சுனாரி எல்லாம் புகழ்பெற்றது அதற்குப் பிறகு. 55 பேரிலிருந்து 37-க்கு இறங்கியதில் பழைய ரசிகர்களுக்குக் கோபம் இருக்கிறது. நியாயமான கோபம்தான். பதிலுக்கு யாசுகே வருகிறார். 1581-இல் பாதிரியாருடன் வந்து நோபுனாகாவின் பணியில் சேர்ந்த ஆப்பிரிக்கர், நிஜ மனிதர்.

சின்னப் பையன் ஆடலாமா?

ரத்தம் தெறிப்பது, உறுப்பு துண்டாவது எல்லாம் இல்லை. அமெரிக்காவில் பதின்மருக்கு என்ற தரச்சான்று. எனக்குத் தெரிந்து சின்னப் பையன்களுக்கு அலுப்புத் தட்டுவது சண்டையில் இல்லை, சண்டைக்கு நடுவே ஓடும் வசனத்தில்தான்.

தமிழ் வேணாம், இங்கிலீஷாவது பேசுவாங்களா?

4, 5 இரண்டிலும் குரல் ஜப்பானியம், எழுத்து ஆங்கிலம். ஆரம்பப் பாகங்களில் ஆங்கிலக் குரல் இருந்தது. அது போனதற்கு நான் வருத்தப்படவில்லை. சிக்கல் வேறு: சண்டை நடக்கும்போதே கீழே வசனம் ஓடும், படிக்க நேரம் இருக்காது. எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். ஆள் பெயரும், ஓடுகிறார், சிக்கினார், கட்சி மாறினார் போன்ற சொல்லும் கண்ணில் பட்டால் போதும்; உடனே வரைபடத்தைப் பாருங்கள்.

ரெண்டு பேரா ஆட முடியுமா?

4, 4-டூ இரண்டிலும் திரையைப் பிரித்து ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆடலாம். 5-இல் சேர்ந்து ஆட வேண்டுமென்றால் சிட்டடெல் மோடுக்குப் போங்கள். கீபோர்டில் ஆட முடியுமா என்றும் கேட்பார்கள். முடியும், ஆனால் இரண்டே நாளில் கன்ட்ரோலர் வாங்குவீர்கள்.

ஈஸில தூக்கி அடிச்சேன். ஹார்டு வச்சா தோத்துக்கிட்டே இருக்கேன். நான் சாகவே இல்ல, ஆனா தோல்வின்னு வருது. ஏன்?

முதல் பதிலில் சொன்னதுதான். நீங்கள் சாகவில்லை, உங்கள் தலைவர் செத்திருப்பார். ஈஸியில் கூட்டாளிகள் தாங்குவார்கள், ஹார்டில் தாங்க மாட்டார்கள். 4-ஆம் பாகத்தின் செகிகஹாராவில் மேற்குப் படையாக, அதாவது இயேயாசுவை எதிர்க்கும் இஷிதா மிட்சுனாரியின் பக்கம் இறங்கினால் இது உறைக்கும். ஆரம்பத்தில் எல்லாம் நமக்குச் சாதகமாகத் தெரியும். முன்னே போய் வெட்டத் தோன்றும். அப்போது மட்சுவோ மலையில் நிற்கும் கோபயாகவா ஹிதேயாகி கட்சி மாறுவார். அதுவரை நட்பு நிறத்தில் இருந்த புள்ளிகள் மொத்தமாக எதிரி நிறத்துக்குத் திரும்பும். அந்த மலையின் கீழே நம் பக்கம் நிற்பவர் மிட்சுனாரியின் நண்பர் ஓதானி யோஷிட்சுகு. நீங்கள் களத்தின் மறுகோடியில் இருந்தால் போய்ச் சேர்வதற்குள் அவர் கதை முடிந்துவிடும்.

அதனால் மூன்று பழக்கம். தனிச் சிப்பாய்க் கூட்டத்தை நின்று வெட்டாதீர்கள், எண்ணிக்கைக்காகப் பாதி நேரம் வீணாகும். 4-இல் வந்த ஹைப்பர் தாக்குதல், அதாவது கனத்த அடியில் தொடங்குவது, கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடத்தான் இருக்கிறது. அதே அடியை அதிகாரிகள் மீது போட்டால் தட்டிவிட்டுத் திருப்பி அடிப்பார்கள், அவர்களுக்குச் சாதாரண அடிதான் சரி. இரண்டாவது, இரண்டு ஆட்களை அழைத்துப் போகும் வசதியை உண்மையிலேயே பயன்படுத்துங்கள். ஒருவரை முன்னணியில் விட்டு, மற்றவரைத் தலைமை முகாம் பக்கம் அனுப்பி, தேவைப்படும்போது ஆள் மாறிக்கொள்ளலாம். பலர் முழு ஆட்டத்தையும் ஒரே ஆளை வைத்து முடிக்கிறார்கள், அப்புறம் ஹார்டு கஷ்டம் என்கிறார்கள். மூன்றாவது, குதிரை. வெட்கப்படாமல் குதிரை ஏறுங்கள்.

கோபயாகவா நிஜமாவே அப்படி மாறினாரா, இல்ல கேமுக்காகவா?

நிஜம்தான். சுமார் 15,000 பேருடன் மேற்குப் படைக்காக நின்றவர், இருபது வயது நிரம்பாதவர், ஹிதேயோஷியின் மனைவிக்குச் சகோதரன் மகன். போர் நடுவே இறங்கி மேற்குப் படையையே தாக்கினார். அவர் தயங்கியபோது இயேயாசு மலையை நோக்கித் துப்பாக்கியால் சுடச்சொல்லி மிரட்டினார் என்று ஒரு கதை உண்டு. அது பிற்காலத்துச் சேர்க்கை என்று இன்றைய ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

இவரை மட்டும் திட்டுவது சரியில்லை. மறுபக்கம் நாங்கு மலையில் மோரி படை இருந்தது. இயேயாசுவின் முதுகுக்குப் பின்னால் அருமையான இடம். கிக்காவா ஹிரோயியே ஏற்கனவே இயேயாசுவிடம் பேசி முடித்துவிட்டதால் கடைசிவரை அசையவில்லை. களத்தில் வெட்டியவர்களை விட, வெட்டாமல் நின்றவர்கள்தான் அன்றைய முடிவை எழுதினார்கள். யோஷிட்சுகு மட்டும் மிட்சுனாரி ஜெயிக்கமாட்டார் என்று தெரிந்தும் நட்புக்காக நின்று செத்தார். உடல்நலம் கெட்டு, பார்வை மங்கி, பல்லக்கில் வந்தவர். செஞ்சோற்றுக் கடனைப் பற்றி நாம் கேட்டு வளர்ந்ததால் இந்த ஆள் நமக்கு உடனே பிடித்துப்போவார்.

இதுல வர்ற எல்லாரும் நிஜமா வாழ்ந்தவங்களா?

பெரும்பாலோர் ஆம். குனோயிச்சி என்ற நிஞ்சாப் பெண் கற்பனை. ஒகுனி நிஜம், கபுகி என்ற ஜப்பானிய நாடகக் கலை அவரிடமிருந்து தொடங்கியதாகச் சொல்வார்கள், ஆனால் குடையால் யாரையும் அடித்தவரில்லை. இஷிகாவா கோயமோன் 1594-இல் கியோட்டோவில் கொப்பரையில் போட்டுக் கொல்லப்பட்ட திருடர். ஹத்தோரி ஹன்சோ நிஜ ஆள். ஆனால் முகத்தை மூடிக்கொண்டு கூரையில் ஓடியவரில்லை, இயேயாசுவின் படையில் ஈட்டி பிடித்த சாமுராய். டோக்கியோ அரண்மனைக்கு இன்றும் ஹன்சோ வாசல் என்று ஒரு வாசல் உண்டு.

யுகிமுரா விஷயம்தான் வேடிக்கை. அவர் உயிரோடு இருந்தபோது யாரும் அவரை அந்தப் பெயரில் கூப்பிட்டதற்குச் சான்று இல்லை. அவர் பெயர் சனாதா நோபுஷிகே. யுகிமுரா என்பது பிறகு வந்த போர்க்கதைகள் பரப்பிய பெயர். ஆனால் அவர் செய்தது கதையல்ல. 1614 குளிர்காலத்தில் ஒசாகா கோட்டையின் தெற்கே சனாதா மாரு என்ற அரணைக் கட்டித் தொகுகாவா படையை வாங்கு வாங்கென்று வாங்கினார். அடுத்த கோடையில் இயேயாசுவின் தலைமை முகாம் வரை பாய்ந்து, கடைசியில் அந்தப் போரிலேயே மடிந்தார். ஹோண்டா தாதகாட்சுவின் மான்கொம்புத் தலைக்கவசமும் கற்பனை இல்லை. கேமில் அவர் ஈட்டி துளைபோடும் இயந்திரம் மாதிரி சுழலும், அதை மட்டும் நம்பாதீர்கள்.

பொண்ணுங்க எல்லாம் நிஜமா போருக்குப் போனாங்களா?

ஆளைப் பொறுத்தது. தச்சிபானா கின்சியோவுக்கு ஏழு வயதிலேயே அப்பா கோட்டைத் தலைமையைச் சட்டப்படி எழுதிக்கொடுத்தார், மகன் இல்லாததால். இது பதிவில் இருக்கும் செய்தி. தாதகாட்சுவின் மகள் இனா, கேமில் வில்லோடு வருபவர், சனாதா நோபுயுகியின் மனைவி. 1600-இல் எதிர்ப்பக்கம் போய்விட்ட மாமனார் நுமாதா கோட்டைக்கு வந்தபோது, கவசம் போட்டு நின்று உள்ளே விடமாட்டேன் என்றார் என்பது பெயர்போன கதை. காய் என்ற பெண் 1590-இல் ஓஷி கோட்டையில் இருந்தார். மிட்சுனாரி அணை கட்டி வெள்ளத்தில் மூழ்கடிக்கப் பார்த்தும் அந்தக் கோட்டை விழவில்லை. ஆனால் அவர் இறங்கிச் சண்டை போட்ட காட்சிகள் பிற்காலக் கதைகளில் வருபவை.

ஓய்ச்சி, கிராசியா இருவரும் வேறு கதை. நோபுனாகாவின் தங்கை ஓய்ச்சி முதல் கணவரை அண்ணனிடம் இழந்தார். இரண்டாம் கணவர் ஷிபாத்தா கட்சுயியேவோடு 1583-இல் கோட்டைக்குள்ளேயே உயிர்விட்டார். ஆரம்பப் பாகங்களில் இவர் கையில் கொடுத்த ஆயுதம் கெண்டாமா, குழந்தைகள் ஆடும் மரக்கிண்ணமும் பந்தும். இவ்வளவு துயரமான ஆளுக்கு அது ஏன் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. கிராசியா மிட்சுஹிதேவின் மகள், கிறித்தவர். செகிகஹாராவுக்கு முன்பு மிட்சுனாரி அவரைப் பிணையாகப் பிடிக்க முயன்றபோது இறந்தார்.

பசாராவும் ஓனிமுஷாவும் இதோட காப்பியா?

ஓனிமுஷா 2001-இல் வந்தது, இதற்கு முந்தையது. அதில் நோபுனாகா ஒகெஹஸாமாவில் அம்பு பட்டு இறந்து அரக்கர்களின் தயவில் எழுந்து வருவார். அது பேய்க்கதை, கூட்டச் சண்டை இல்லை. செங்கோகு பசாராவைக் கேப்காம் நிறுவனம் 2005-இல் கொண்டுவந்தது. வார்ப்பு ஒன்றுதான், ஆனால் வரலாற்றுக்கு மரியாதை கொடுப்பதாகப் பாவனைகூட இல்லை. மசாமுனே ஆறு வாளோடு ஆங்கிலம் பேசுவார், அவர் குதிரைக்கு மோட்டார் சைக்கிள் ஹேண்டில் இருக்கும், தாதகாட்சு ஒரு ரோபோ. அமெரிக்காவுக்கு அனுப்பும்போது டெவில் கிங்ஸ் என்று பெயர் மாற்றி, ஆட்களின் பெயர்களையும் மாற்றிக் கெடுத்தார்கள்.

இரண்டு நிறுவனமும் கோர்ட்டுக்குப் போனது உண்மை. ஆனால் சண்டை முறையைக் காப்பியடித்ததற்காக இல்லை. பழைய பாகத்தின் வட்டைப் போட்டால் புதிய பாகத்தில் கூடுதல் விஷயங்கள் திறக்கும் உத்திக்குக் காப்புரிமை தன்னுடையது என்று கேப்காம் 2014-இல் வழக்குப் போட்டது. 2019-இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு கேப்காமுக்குச் சாதகமாக வந்தது.

மிட்சுஹிதே ஏன் துரோகம் பண்ணாரு? ஒவ்வொரு பார்ட்லயும் ஒரு காரணம் சொல்றாங்களே?

உண்மையான காரணம் யாருக்கும் தெரியாது, அதனால்தான் ஒவ்வொரு பாகமும் ஒன்றைச் சொல்கிறது. அவமானம் என்பார்கள், பதவி ஆசை என்பார்கள், ஷிகோகு தீவின் சோசோகாபே குலத்தோடு அவர் செய்து வைத்திருந்த உறவை நோபுனாகா முறித்தது என்பார்கள், நோபுனாகா துரத்திய ஷோகுனின் தூண்டுதல் என்பார்கள். தெரிந்தது இவ்வளவுதான்: சுமார் 13,000 பேரோடு மேற்கே ஹிதேயோஷிக்கு உதவப் போகவேண்டியவர் திரும்பிக் கியோட்டோவுக்குள் நுழைந்தார். பதினோரு நாளில் யமசாகியில் ஹிதேயோஷியிடம் தோற்றார்.

நோபுனாகா நல்லவரா கெட்டவரா என்ற கேள்விக்கும் இதுதான் பதில். 1571-இல் ஹியேய் மலைக் கோயில்களை எரித்து ஆட்களைக் கொன்றவரும் அவரே, சந்தைகளைத் தடையில்லாமல் திறந்துவிட்டவரும் அவரே. கேம் எழுதுபவர் எந்தப் பக்கத்தைப் புரட்டுகிறாரோ அது முகமாகிறது.

கேம் ஆடிட்டு வரலாறு தெரியும்னு பேசலாமா?

யார் யாருக்கு உறவு, யார் யாரை விட்டுப் போனார், எந்தப் போருக்குப் பின் எந்தப் போர் என்பதை நம்பிப் பேசலாம். அதில் இவர்கள் கவனமாகவே இருக்கிறார்கள். 1983-லிருந்து இதே காலத்தை வைத்து நோபுனாகாஸ் ஆம்பிஷன் என்ற உத்தி விளையாட்டை எடுத்துக்கொண்டிருக்கும் நிறுவனம். ஆனால் போர் எப்படி நடந்தது என்று மட்டும் கேமை வைத்துப் பேசாதீர்கள். 1575 நாகாஷினோ நல்ல உதாரணம். 3,000 துப்பாக்கிகள் மூன்று வரிசையாக மாறி மாறிச் சுட்டுத் தாகேதா குதிரைப்படையை அழித்தது என்பது காலங்காலமாகச் சொல்லப்பட்ட கதை. அந்த எண்ணையும், அந்த மூன்று வரிசையையும் ஆய்வாளர்கள் கேள்வி கேட்கிறார்கள். துப்பாக்கியும் வேலியும் இருந்தன, தாகேதா தோற்றார், அதுவரைக்கும் சரி.

செகிகஹாராவையே ஆளுக்கொரு பக்கம்னு திரும்பத் திரும்ப ஆட விடுறாங்க. போரடிக்காதா?

ஒரே வரிசையில் அடுத்தடுத்து ஆடினால் போரடிக்கும். வேறு வழி இருக்கிறது. முதலில் உவேதாவை ஆடுங்கள். செகிகஹாராவுக்குப் போய்க்கொண்டிருந்த இயேயாசுவின் மகன் ஹிதேதாதாவை, சுமார் 38,000 பேரோடு, சனாதா மசாயுகியும் மகன் நோபுஷிகேயும் (நம் யுகிமுரா) சில ஆயிரம் பேரை வைத்து நிறுத்திய இடம் அது. நோபுயுகி எதிர்ப்பக்கம். அப்பாவும் தம்பியும் ஒருபுறம், அண்ணன் மறுபுறம் என்று பேசிப் பிரிந்தவர்கள். ஹிதேதாதா செகிகஹாராவுக்கு வந்தபோது போர் முடிந்திருந்தது.

அடுத்து வடக்கே ஹசேதோ. செகிகஹாரா செய்தி வந்ததும், மிட்சுனாரி பக்கம் நின்ற உவேசுகி குலத்தின் தளபதி நாவோயே கனேட்சுகு முற்றுகையை விட்டுப் பின்வாங்க வேண்டி வரும். அதன் பிறகு மிட்சுனாரி பக்கம் நின்று செகிகஹாரா ஆடுங்கள். வராத படைகள் எங்கே மாட்டிக்கொண்டன என்று உங்களுக்கு இப்போது தெரியும். கடைசியாக மேற்குப் படையின் ஷிமாசு யோஷிஹிரோ. எல்லாம் முடிந்தபின் பின்பக்கம் ஓடாமல், சுமார் 1,500 பேரோடு எதிரியின் முன்பக்கத்தையே கிழித்து வெளியேறியவர். துரத்திப்போன இயேயாசுவின் தளபதி ஈ நவோமாசா குண்டடி பட்டார். ஊர் போய்ச் சேர்ந்தபோது ஷிமாசுவோடு இருந்தவர்கள் 80 பேர் என்று சொல்வார்கள்.